செக்கரியாவுக்கும் அரையாண்டு

திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, 22.12.2024



இன்றைய நற்செய்தியில் மரியா மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். செக்கரியாவின் வீட்டுக்குள் நுழைந்து எலிசபெத்தை வாழ்த்துகிறார். எலிசபெத்து உரத்த குரலில் பதில் சொல்கிறார். வயிற்றில் இருக்கிற பிள்ளைகூடத் துள்ளுகிறது. ஆனால் வீட்டுக்காரர் எங்கே? அது செக்கரியாவின் வீடு என்று லூக்காவே எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்து வந்த பெண்ணை அவர் "வாம்மா" என்று கூப்பிட்டதாக ஒரு சொல் இல்லை. கூப்பிட முடியாது. அவருக்கு அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணம், நாளைக்குப் பரீட்சை.

நாளையோடு அரையாண்டு முடிகிறது. செவ்வாய்க்கிழமை முதல் விடுமுறை. ஜனவரி 2-ஆம் தேதிதான் பள்ளி. ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த வாரம் எப்படிப் போயிற்று என்று பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து யோசித்தோமா? நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பிறகும் மழை, மழைக்கு விடுமுறை. விடுமுறையில் போன பாடத்தையெல்லாம் அவசர அவசரமாக நடத்தி முடித்துத் தேர்வு வைத்தார்கள். காலையில் பரீட்சை. மாலையில் கோயிலில் குடிலுக்கு வைக்கோல் சுமப்பது, தட்டில் தூவிய கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிப்பது, நட்சத்திரத்துக்கு ஒயர் இழுப்பது. ராத்திரி கேரல்ஸ். கேரல்ஸ் முடிந்து வீட்டுக்குப் போகும்போது எத்தனை மணி என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சில வீடுகளில் அம்மா ஒரகடம் பக்கம் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் காலையில் வேனிலிருந்து இறங்கும்போது, பிள்ளை பரீட்சை அட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே பஸ் நிறுத்தத்தில்தான். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை வர்க்கமூலமும் வட்டத்தின் பரப்பளவும் படித்திருக்கிறது.

இது போதாதென்று வீட்டில் ஒரு சட்டம் வேறு. "கணக்குல மார்க் கொறைஞ்சா புதுத் துணியும் கெடையாது, கேரல்ஸும் கெடையாது." பல வீடுகளில் இது வெறும் மிரட்டல்தான். தையல்காரரிடம் துணி ஏற்கெனவே போயிருக்கும். ஆனால் பிள்ளைக்கு அது மிரட்டல் என்று தெரியாது. பன்னிரண்டு வயதில் அதை அப்படியே நம்பும். கிறிஸ்து பிறப்பு விழா என்பது மார்க் எடுத்தவர்களுக்குக் கிடைக்கிற பரிசு என்று அது மனதில் எழுதிக்கொள்ளும்.

செக்கரியாவுக்கு வருவோம். அவர் அபியா வகுப்பைச் சேர்ந்த குரு. எருசலேம் கோயிலில் குருக்களை 24 வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாரம் முறை. அப்படியென்றால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முறை வரும். அவருக்கும் அது அரையாண்டு. அந்த வாரத்திலும் எல்லாருக்கும் உள்ளே போய்த் தூபம் காட்டக் கிடைக்காது. சீட்டுப் போடுவார்கள். யார் பெயர் விழுகிறதோ அவர் போகலாம்.

சீட்டுப் போடுவதைப் பற்றி உத்திரமேரூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-லும் 921-லும் வெட்டியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப் பொறுப்புகளுக்கு ஆள் எடுக்க ஊரை 30 குடும்பாக, அதாவது 30 பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னது என்று அறியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளே, உங்கள் சமூக அறிவியல் பாடத்தில் வருகிற விஷயம் இது. பெரியவர்களின் பெயர்களையெல்லாம் தன் கையால் எடுத்துக் கொடுத்தவன் உங்களைவிடச் சின்னவன். (921-ஆம் ஆண்டு விதிப்படி 35 வயதுக்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருந்தால்தான் பெயரையே ஓலையில் எழுதுவார்கள். செக்கரியா வயது முதிர்ந்தவர் என்று லூக்கா சொல்கிறார். நம் ஊரில் நின்றிருந்தால் ஒருவேளை அவர் பெயர் குடத்துக்குள்ளேயே போயிருக்காது.)

எருசலேமில் அவர் பெயர் விழுந்தது. வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தாலே பெரிது என்கிற வாய்ப்பு. உள்ளே போனார். வெளியே மக்கள் கூட்டம் வேண்டிக்கொண்டு நின்றது. பீடத்தின் வலப்பக்கத்தில் வானதூதர் கபிரியேல் நின்று, உனக்கு மகன் பிறப்பான், யோவான் என்று பெயர் வை என்றார். செக்கரியாவின் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரு சந்தேகம். நான் கிழவன், என் மனைவியும் வயதானவள், இது எப்படி நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆபிரகாம், சாரா கதையை ஆயிரம் தடவை படித்த குரு அவர். முதிர்ந்த வயதில் பிள்ளை பெற்றவர்கள் அவர் பாடத்திலேயே இருக்கிறார்கள். தெரிந்த கேள்வி, தெரிந்த பதில், பரீட்சை நேரத்தில் மறந்துபோயிற்று. பிள்ளைகளே, உங்களில் யாருக்கு இது நடக்கவில்லை?

தண்டனை வந்தது. இது நடந்தேறும் நாள்வரை நீ பேச மாட்டாய் என்றார் தூதர். வெளியே வந்தவர் சைகை காட்டினார். நின்றிருந்த மக்கள் ஏன் இவ்வளவு நேரம் என்று வியந்துகொண்டிருந்தார்களாம். பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட அதே முகம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். தூதர் தண்டித்தது நாக்கை. பிள்ளையை அல்ல. "நீ நம்பவில்லை, அதனால் உனக்குப் பிள்ளை இல்லை, வேறு வீடு பார்க்கிறேன்" என்று கடவுள் சொல்லவில்லை. வாக்கு வாக்காகவே நின்றது. எலிசபெத்து கருவுற்றார். கணவர் தவறிய கேள்விக்காக அந்த அம்மா எதையும் இழக்கவில்லை. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்கு மார்க் குறைந்தால் முதல் திட்டு தாய்க்கு விழுகிறது. "நீ குடுக்குற செல்லம்தான்."

கண்டிப்பு வேறு, கொடுத்த வாக்கைப் பிடுங்குவது வேறு. கடவுள் கண்டித்தார். பல மாதம் பேசாமல் வைத்தார், சின்ன விஷயம் இல்லை அது. ஆனால் அன்பளிப்பில் கை வைக்கவில்லை. ஒரு தகப்பனார் என்னிடம், "சாமி, இப்படியெல்லாம் சொல்லிக் கெடுக்காதீங்க, பயம் இல்லன்னா படிக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜனவரியில் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். செல்போனை ஒரு மாதம் வாங்கி வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கிறிஸ்துமஸை மட்டும் பிடுங்காதீர்கள். அது உங்களுடையது அல்ல, நீங்கள் கொடுத்ததும் அல்ல.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஆறு, ஏழு, எட்டு படிக்கிறவர்கள் கொரோனாக் காலத்தில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படித்தவர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி அவர்களுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல். எழுத்துக்கூட்டி வாசிப்பதையும், கடன் வாங்கிக் கழிப்பதையும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிற வயதே அதுதான். அந்த நாள்களில் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். வீட்டில் ஒரே செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டவர் கிடைக்காமல் ஏரிக்கரையில் ஏறி நின்ற பிள்ளைகள் உண்டு. அடித்தளம் போட வேண்டிய காலத்தில் கல் வைக்க ஆள் இல்லை. இப்போது மேலே சுவர் கோணல் என்று பிள்ளையை அடிக்கிறோம். ஏழாவது படிக்கிற பையன் ஒரு பத்தியைத் தடுமாறித்தான் வாசிக்கிறான் என்றால், அவனிடம் கோபப்படுவதற்கு முன் அந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ். யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. அரசாங்கம் நிறுத்தி வைக்காத பிள்ளையை வீட்டில் நாம் நிறுத்தி வைக்கிறோம்.

ஆல் பாஸ்தானே என்று சிரிக்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள், பார்க்கிறேன். உங்களுக்கும் செக்கரியாவிடம் ஒரு செய்தி உண்டு. பேச்சு நின்ற பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? உடனே வீட்டுக்குப் போகவில்லை. தன் முறை நாள்கள் முடியும்வரை கோயிலில் இருந்து வேலையை முடித்துவிட்டுத்தான் போனார் என்று லூக்கா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். அவமானமாகத்தான் இருந்திருக்கும். மற்ற குருக்கள் பார்த்துப் பார்த்துப் பேசியிருப்பார்கள். இருந்தாலும் மறுநாள் போனார். கணக்குப் பரீட்சை சொதப்பிவிட்டது என்று நாளைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளாதீர்கள். போய் எழுதுங்கள்.

படிக்கிற பிள்ளைக்கு முதலில் என்ன வேண்டும் என்று நம் வட்டாரத்து ஆள்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சாப்பாடு, சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் போனால் 15 படுக்கையோடு மருத்துவமனை. விளக்குக்கு எண்ணெய் கொடுத்துவிட்டுத்தான் படி என்றார்கள். நாம் படித்தால் எண்ணெய் என்கிறோம்.

நாளை மறுநாள் இரவு ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறக்கிறார், 2025 யூபிலி ஆண்டு தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டில் யூபிலி என்றால் விற்றுப்போன நிலம் திரும்பி வரும், அடிமைப்பட்டவன் வீடு திரும்புவான். அதை உங்கள் வீட்டுப் பிள்ளையிடமிருந்து தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

நாளைக் காலைத் திருப்பலிக்கு வருகிறவர்கள் செக்கரியாவின் கதை முடிவதைக் கேட்பீர்கள். பிள்ளை பிறந்து எட்டாம் நாள். சுற்றமும் அக்கம்பக்கமும் கூடிவிட்டது. அப்பா பெயரையே வைக்க வேண்டும் என்கிறார்கள். தாய், இல்லை, யோவான் என்கிறார். உடனே, உன் சொந்தத்தில் அப்படிப் பெயர் யாருக்கு இருக்கிறது என்று கேள்வி. கிறிஸ்துமஸ் அன்று முறுக்குத் தட்டோடு வருகிற உறவினர்களும் இப்படித்தான். நடு வீட்டில் உட்கார்ந்து, "எத்தனை மார்க்டா?" என்று கேட்பார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையின் மார்க்கும் கூடவே வரும். பெற்றோரே, அந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல, நீங்கள். "மொதல்ல அதிரசம் சாப்பிடுங்க மாமா" என்று சொன்னாலே போதும். செக்கரியா எழுதும் பலகை ஒன்று கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று ஒரே வரி எழுதினார். அந்த நிமிடம் நாக்கு கட்டவிழ்ந்தது. கூடியிருந்தவர்கள் வியந்துபோனார்கள்.

ஒரு அறிவிப்பு, மறையுரையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 24-ஆம் தேதி இரவுத் திருப்பலியில் பாலன் இயேசு சுரூபத்தைக் குடிலுக்கு ஏந்தி வரப்போவது ஆறு முதல் எட்டு வரை படிக்கிற ஒரு பிள்ளை. முதல் ரேங்க் யார், மறைக்கல்வித் தேர்வில் பரிசு வாங்கியது யார் என்று கேட்கப்போவதில்லை. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி, உத்திரமேரூர்க் கல்வெட்டுக் குடத்துக்குப் பதில் நம் சமையலறைச் சில்வர் குடத்தில் போடுவோம். எடுப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, இன்னும் வாசிக்கத் தெரியாத ஒன்றாகப் பார்த்துக் கூப்பிடுவோம். நாளைக்குப் பரீட்சை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு மாலையில் வந்து பெயர் கொடுங்கள். பெயரும் வகுப்பும் போதும்.

இப்போது எல்லாரும் எழுந்து நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.