கோடும் கோடாமையும்

விளையாட்டுத் திடலில் வரையப்படும் வெள்ளைக்கோடு மிகச் சிறிய பொருள். மழை பெய்தால் கரையும். காலால் தேய்த்தால் மறையும். ஆயினும் அக்கோட்டை ஒட்டி எழுகின்ற வினாக்கள் சிறியன அல்ல. ஆர்வ மிகுதியால் எல்லை கடந்த ஒருவரை எவ்வாறு நடத்துவது? சட்டம் உடனே பாய வேண்டுமா? பெருந்தன்மை காட்டலாமா? காட்டினால் எதுவரை காட்டலாம்? கூடைப்பந்து நடுவர் தமக்குரிய பகுதியை விட்டு வெளியேறும் பயிற்றுநரைக் காணுந்தோறும் இவ்வினாக்களுக்கு விடை கூற வேண்டியவராகிறார். வகுப்பறையில் நிற்கும் நாமும் அவ்வாறே.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. அவர் வகுத்த விதிகள் 13. தொடக்க காலத்தில் ஆட்டம் நடைபெறும்போது பயிற்றுநர் வாய் திறப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. முதன்முறை எச்சரிக்கை, மீண்டும் பேசினால் எதிரணிக்குத் தடையற்ற எறிவு. காலப்போக்கில் அக்கடுமை தளர்ந்தது. பேசலாம், எழுந்து நிற்கலாம் என்றாயிற்று. உரிமை வளர்ந்தபோது அதற்கு எல்லையும் தேவைப்பட்டது. 1984-85ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 28 அடி நீளமுள்ள பயிற்றுநர் பகுதி வரையப்பட்டது.

அதே பருவத்தில், 1985 பிப்ரவரி 23ஆம் நாள், இந்தியானா பல்கலைக்கழக அணியின் புகழ்பெற்ற பயிற்றுநர் பாப் நைட், நடுவர்மீது கொண்ட சினத்தால் நாற்காலி ஒன்றைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே வீசினார், ஆட்டத்திலிருந்து வெளியேற்றவும்பட்டார். அவர் செய்ததும் எல்லை மீறல். தன் மாணவன் தடுமாறுவதைக் கண்டு தன்னை மறந்து ஓரடி முன்வைத்து, 'கையை உயர்த்து' என்று கூவும் ஆசிரியர் செய்வதும் எல்லை மீறல். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் அது நீதியாகுமா?

ஆகாது என்பதை விதிகளை வகுத்தோரே உணர்ந்திருந்தனர். அனைத்துலக விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அதன் கடைக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு 5 மீட்டர் இப்பால் வரை அணியினர் அமரும் பகுதியாகும். அங்கே தலைமைப் பயிற்றுநர், முதல் துணைப் பயிற்றுநர் ஆகிய இருவருள் ஒரு நேரத்தில் ஒருவரே எழுந்து நிற்கலாம். மீறினால் 'டெக்னிக்கல் பவுல்' என்னும் ஒழுங்குத் தவறு அறிவிக்கப்படலாம். ஆனால் காயமுற்ற ஆட்டக்காரர் ஆபத்தான நிலையில் இருப்பதாக மருத்துவர் கருதினால், அவர் நடுவரின் இசைவுக்குக் காத்திராமல் களத்தினுள் ஓடலாம். உயிரின் முன் கோடு வழிவிடுகிறது. வாதத்தின் முன் வழிவிடுவதில்லை. உள்நோக்கமின்றி நேர்ந்து, ஆட்டத்தைப் பாதிக்காத சிறு பிழைகளைப் பொருட்படுத்தாது விடவும், எச்சரித்துத் திருத்தவும் அவ்விதிநூல் நெடுங்காலம் நடுவருக்கு இடமளித்து வந்துள்ளது. எச்சரித்த பின்னும் அதே பிழை தொடர்ந்தால்தான் தண்டனை. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் இவ்வாறு தண்டனை பெறும் தலைமைப் பயிற்றுநர் எஞ்சிய நேரம் முழுவதும் அமர்ந்தே இருக்க வேண்டும். அவருடைய பணி பறிக்கப்படுவதில்லை. எழுந்து நிற்கும் சலுகை மட்டுமே பறிக்கப்படுகிறது. எதை மீறினாரோ அதையே இழக்கிறார்.

திருக்குறளின் அதிகார வைப்பு முறையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். செங்கோன்மை 55ஆம் அதிகாரம். அதன்பின் கொடுங்கோன்மை, அதன்பின் வெருவந்த செய்யாமை, 58ஆவதாகவே கண்ணோட்டம் வருகிறது. கோலை ஓங்குகையில் உறுதியும், இறக்குகையில் மென்மையும் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. எனவே இரக்கம் நீதிக்குப் பகையன்று. ஆயினும் அரசியலின் இந்த அதிகாரங்களுக்கு நெடுந்தொலைவு முன்னரே, 12ஆம் அதிகாரமாக, நடுவு நிலைமை நிற்கிறது. ஒருபுறம் சாயாமல் நிற்பதே இரக்கம் காட்டுவதற்கான தகுதி என்று இதற்குப் பொருள் கொள்வேன்.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. பெருந்தன்மை பெரும்பாலும் பெரியவர்களுக்கே கிடைக்கிறது. 2019 ஏப்ரல் 11ஆம் நாள் ஜெய்ப்பூரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தின் இறுதி ஓவரை நினைவுகூரலாம். 'நோ பால்' என ஒரு நடுவர் கைகாட்டிய பந்து பின்னர் மறுக்கப்பட்டது. ஆட்டமிழந்து வெளியேறியிருந்த அணித்தலைவர் தோனி களத்தினுள் நடந்து சென்று நடுவர்களுடன் வாதிட்டார். அவருக்கு ஆட்ட ஊதியத்தில் பாதி தண்டமாக விதிக்கப்பட்டது. ஓர் ஆட்டத்திற்கேனும் தடை இல்லை. பெயர் அறியாத ஓர் ஊரின் பயிற்றுநர் இவ்வாறு நுழைந்திருந்தால் இதே அளவுடன் அது முடிந்திருக்குமா? இவ்வினாவை எழுப்பாமல் இருக்க இயலவில்லை.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1999 ஜனவரி 23ஆம் நாள் அடிலெய்டில், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றது என நடுவர் அறிவித்தார். தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்க வந்த ஒரு தமிழரின் பேரர் அவர். இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் ஆட்டக்காரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று, அங்கே நின்று முறையிட்டார், ஆட்டத்தைக் கைவிடவில்லை. அவருக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் பின்னர் அறிவியல் ஆய்வுகள் நடந்தன. 2005ஆம் ஆண்டு முதல் எல்லாப் பந்துவீச்சாளரும் 15 பாகை வரை முழங்கையை நீட்டலாம் எனப் பொதுவிதி ஏற்பட்டது. அவ்விதி ஒருவருக்கான சலுகையாக அன்றி, அனைவருக்குமான நெறியாக வந்தது. அதனாலேயே அது நிலைத்தது.

பெண்டாங் போன்ற, வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த ஊர்களில் பணியாற்றும் நமக்கு இதில் பாடம் உண்டு. நம் முன்னோர் தோட்டத்தில் கங்காணியின் கண்டிப்பைக் கண்டவர்கள். அவருக்கு வேண்டியவருக்குக் கிடைத்த சலுகையையும் கண்டவர்கள். கண்டிப்பை அவர்கள் மறந்திருக்கலாம், ஓரவஞ்சனையை மறக்கவில்லை. மாவட்டப் போட்டியில் பெரிய பள்ளியின் பயிற்றுநரிடம் புன்னகையையும், சிறிய தோட்டப் பள்ளியின் ஆசிரியரிடம் ஊதலையும் காட்டும் நடுவர், ஒரு புள்ளியை மட்டும் பறிக்கவில்லை. 'நமக்கு இவ்வளவுதான்' என்னும் எண்ணத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் விதைக்கிறார்.

ஆதலின் நல்ல நடுவர் ஆட்டம் தொடங்குமுன்னரே இருவரையும் அழைத்து ஒரே சொல்லால் எல்லையை நினைவூட்டுவார். முதல் பிழையின்போது அருகில் சென்று, மாணவர் முன் ஆசிரியர் தலைகுனியாதவாறு தாழ்ந்த குரலில் கூறுவார். இரண்டாம் முறை அனைவரும் அறிய எச்சரிப்பார். மூன்றாம் முறை சினமின்றித் தண்டிப்பார். தண்டித்தபின் அதை மனத்தில் வைத்துக்கொள்ளமாட்டார். இந்தப் படிகள் இரு பக்கத்திற்கும் ஒன்றாக இருக்கும். மறைவில் காட்டும் இரக்கம் சலுகையாகிவிடும். வெளிப்படையாக, அனைவருக்கும் ஒரே அளவில் காட்டும் இரக்கமே அறமாகும்.

பயிற்றுநருக்கும் கடமை உண்டு. நடுவர் சுட்டியவுடன் அவர் பின்வைக்கும் ஓரடியை மாணவர்கள் காண்கிறார்கள். சொல்லிக் கொடுத்த நூறு அறிவுரைகளைவிட அந்த ஓரடி அவர்கள் உள்ளத்தில் ஆழப் பதியும்.

தமிழில் 'கோடு' என்றால் வரை; 'கோடுதல்' என்றால் வளைதல். திடலில் கோடு வேண்டும். அதைக் காப்பவர் நெஞ்சில் கோடாமை வேண்டும். முன்னதைச் சுண்ணாம்பால் ஒரு நாழிகையில் வரைந்துவிடலாம். பின்னதை வரைய ஒரு வாழ்நாள் முயற்சி தேவை. அம்முயற்சியை வகுப்பறையிலேயே தொடங்குவோமாக.