போதையொழிப்பும் உயிரின் மாண்பும்

நற்காரியத்தை விரும்புதல் எளிது. அதனை நன்னெறியாற் செய்து முடித்தல் அரிது. முடிபு நல்லதாயினும், செய்யும் முறை தீதாயின், அக்காரியமும் தீதாய் முடிதல் உலகறிந்த உண்மை. கஞ்சா, ஹெரோயின், ஐஸ் முதலிய போதைப்பொருள்களை ஒழித்தற்கு ஊரவர் கூடிச் செய்யும் முயற்சிகளை இவ்வுண்மைகொண்டு ஆராய்தல் ஆசிரியராகிய நமக்குக் கடனாகும். ஊர்க்கூட்டங்களிற் பெரும்பாலும் முன்னிருத்தப்படுபவர் நாமே யாதலின்.

தனுஷ்கோடிக்குந் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரேயாம். 1914 முதல் 1964 வரை பயணிகள் கப்பல் சென்ற அக்கடலிலே இன்று கேரளக் கஞ்சாப் பொதிகள் இரவிற் படகேறி வருகின்றன. தலைமன்னார், பேசாலை, சிலாவத்துறை முதலிய கரைகளிற் கடற்படையார் அவற்றைக் கைப்பற்றுஞ் செய்தி அடிக்கடி வெளிவருகின்றது. பொதிக்கு உடையவன் பெரும்பாலுங் கரைக்கு வருவதில்லை. அகப்படுபவன் கூலிக்குச் சுமந்த வறியவனே. நம் வகுப்புக்களில் இருந்த பிள்ளைகளே அந்நஞ்சுக்கு இரையாகுங்கால் ஊரவர் சினந்தெழுதல் இயல்பு. ஆயின், ஐயப்பட்டவன் பெயரைக் கூட்டத்தில் வாசித்தல், அவனை மரத்திற் கட்டி அடித்தல், அவன் படத்தைக் கைப்பேசிகளிற் பரப்புதல் என்பனவும் முறையாகுமோ?

உலகியல் நோக்கி முதற்கண் ஆராய்வாம். 2023 டிசெம்பர் 17 இல் நாடெங்கும் 'யுக்திய' என்னும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. அச்சிங்களச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். ஒரு திங்கள் அளவில் 29,000 பேருக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள், முறையற்ற தடுத்துவைப்பும், சித்திரவதையும், பலர் காண உடைகளைந்து சோதித்தலும் நிகழ்வதாக வந்த முறைப்பாடுகளை எடுத்துக்காட்டி, அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு வேண்டினர். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொலிசாரிடத்தே இக்குறை எழுமாயின், கட்டுப்பாடில்லாத கூட்டத்தைக் குறித்து யாது கூறுவது?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை எவரையுஞ் சித்திரவதை செய்தலாகாதென்கின்றது. 13 ஆம் உறுப்புரை, குற்றம் நிறுவப்படும்வரை ஒருவன் குற்றமற்றவனே என்கின்றது. 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை, தன் கண்முன் பெருங்குற்றஞ் செய்பவனைப் பிடித்துத் தாமதமின்றி அதிகாரிகளிடம் ஒப்படைக்கவே பொதுமகனுக்கு இடந்தருகின்றது, தண்டிக்க இடந்தரவில்லை. மேலும், 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தார்க்கு மரணமோ ஆயுட்சிறையோ விதிக்கப்படும். ஒரு சிட்டிகை அளவினதாகிய அப்பொருளைப் பகைவன் ஒருவன் பிறர் பையில் இடுதல் எத்துணை எளிது! ஆதலின், ஆராயாது கூறும் ஒரு பெயர் ஓருயிரையே கொள்ளும்.

இதனை நம்மவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. போர்க்காலச் சுற்றிவளைப்புக்களில் முகமூடியிட்ட தலையாட்டியின் ஓரசைவினால் இளைஞர் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். துரோகியென்றும் திருடனென்றும் பெயரிடப்பட்டோர் விளக்குக் கம்பங்களிற் கட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஒக்தோபரிலே மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரோடு வெளியேற்றப்பட்டனர். வினவாது தண்டித்தலும், சிலர்மேலுள்ள ஐயத்தைப் பலர்மேல் ஏற்றுதலும் விளைத்த துன்பங்கள் இவை. பெயர் குறியாது எழுதிய பட்டியல் ஒன்று, தலையாட்டியின் முகமூடியே யன்றி வேறன்று.

இனிச் சித்தாந்தம் நோக்கி ஆராய்வாம். "இறைவன் உயிர்களை ஒறுத்தலும் அருளே, அது மறக்கருணை எனப்படும். அங்ஙனமாக, நாமும் தீயோரை ஒறுத்துத் திருத்துதல் கருணையன்றோ?" என்பார் உளர். அது பொருந்தாது. இறைவன் முற்றறிவுடையவன், ஒவ்வோருயிரின் வினையும் பக்குவமும் அறிந்து, விருப்பு வெறுப்பின்றி ஊட்டுபவன். கூட்டமோ கேட்டதை நம்புவது, வெகுளியால் நடப்பது, தன் பழம்பகையையும் அவ்வேளையில் தீர்த்துக்கொள்வது. முற்றறிவில்லாதார் மறக்கருணையைத் தம் தொழிலாகக் கொள்வது கருணையன்று, மறமேயாம். மலம் உயிரைப் பற்றியிருப்பதன்றி உயிரேயாவதில்லை. செம்பிற் களிம்பை நீக்குவார் செம்பை உடைப்பரோ?

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். அடியவர் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை வெட்ட வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவனை இடையூறின்றி நகர்ப்புறத்தே விட்டுவரும்படி நாயனார் பணித்தார். சூழ்ந்த மக்களைத் தத்தன் விலக்கினான். ஈண்டுக் குற்றத்தில் ஐயமில்லை. ஆயினும் குற்றவாளி கூட்டத்தின் கையில் விடப்பட்டானல்லன். "அது திருவேடத்தின் பொருட்டன்றோ?" எனின், மேலே பூண்ட பொய்வேடத்துக்கே அத்துணை மதிப்பாயின், இறைவன் உயிர்க்குயிராய் நின்றருளும் உடம்புக்கு எத்துணை மதிப்பு வேண்டும்! பொதி சுமந்தவனைத் தப்பவிடுக என்பது இதன் கருத்தன்று. அவன் விசாரணைக்குரியவன், ஊரவர் தடிக்குரியவனல்லன் என்பதே கருத்து.

ஆதலின், ஆசிரிய அன்பர்களே, ஊர்க்கூட்டத்திற் செல்லுங்கால் நாம் வற்புறுத்தற்பாலன சில உள. கண்டதையே சொல்லுக, கேட்டதைப் பட்டியலாக்கற்க. பிடிபட்டவனைத் தீண்டாது, சாட்சிகளோடு பொலிசாரிடம் ஒப்படைக்க. போதைக்கு அடிமையானவனை நோயாளனாகக் கொண்டு மருத்துவரிடம் அழைத்துச்செல்க. கோயிற் சபையாரும் தேவாலயத்தாரும் பள்ளிவாசலாரும் ஒருங்கிருந்து இவற்றைத் தீர்மானிக்க. எல்லாவற்றினும் மேலாக, குற்றஞ் சாட்டப்பட்டவன் பிள்ளை மறுநாட் பள்ளிக்கு வருமாயின், அதன் இருக்கை அதற்கே இருத்தல் வேண்டும். தந்தையின் பெயரால் அதனை ஒருவரும் இகழாதிருத்தல் வேண்டும். கூட்டத்தில் அனைவருஞ் சினந்திருக்கும்போது இவற்றைச் சொல்லுதல் எளிதன்று. சொல்பவனையும் ஊர் ஐயுறும். ஆயினும் அவ்வேளையில் வாய்திறவாத ஆசிரியன், வகுப்பிலே தத்தன் கதையைச் சொல்லிப் பயனில்லை என்பது நமது துணிபு.