மாற்றார் ஏட்டில் வாழ்வோர்

ஒருவருடைய கொள்கையை அவரை மறுத்தவரின் வாயிலாக மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது தருமமாகுமா? பாரத தேசத்துப் பண்டைச் சிந்தனையாளர் சிலரைப் பொறுத்தவரை இவ்வினா தவிர்க்க முடியாததாகும். உலகாயதர் எனப்படும் சார்வாகரின் மூலநூலான பிருகஸ்பதி சூத்திரம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆசீவகரின் நூல்களும் அழிந்தொழிந்தன. மற்கலி கோசாலர் என்ன போதித்தார் என்பதைப் பௌத்த, சமண நூல்களே கூறுகின்றன. அவ்விரு சாராரும் அவரை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர்.

சைவ நன்மக்களுக்கு இது அந்நியமான செய்தியன்று. சந்தானகுரவர் நால்வருள் இரண்டாமவரான அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த சிவஞானசித்தியாரின் பரபக்கம், உலகாயதம் முதலாக 14 மதங்களை எடுத்து ஆராய்கின்றது. முதலில் அம்மதத்தவர் கூற்று. அதன் பின்னரே மறுப்பு. மறுக்கப்போகும் கொள்கையை முதலிலே பேசவிடும் இம்முறையை வடநூலார் பூர்வபக்கம் என்பர். சித்தியாரைப் படிப்போர் பலர் சுபக்கத்தோடு அமைந்துவிடுகின்றனர். பரபக்கத்தையும் படித்தால்தான் ஆசிரியர் எத்தனை பேருக்குச் செவிகொடுத்தார் என்பது விளங்கும்.

எனினும் பேசவிடுபவர் எதிர்வாதியே. பேச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் அவர் கையிலேதான் உள்ளது. மணிமேகலைக் காப்பியத்திலே இதனைக் காணலாம். வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டுவரும் மணிமேகலை, இறுதியில் பூதவாதியிடம் வருகின்றாள். பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் வெறி தோன்றுவது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றும் என்பது அவன் கொள்கை. கண்கூடாகக் காண்பதே பிரமாணம், அநுமானம் தள்ளத்தக்கது என்றும் அவன் சாதிக்கின்றான். மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையரை அநுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என வினவுகின்றாள். கூர்மையான வினாதான். ஆனால் அதற்குப் பூதவாதி சொன்ன மறுமொழி காப்பியத்தில் இல்லை. சாத்தனார் பௌத்தர்; அவருடைய காப்பியத்திலே பூதவாதி வெல்வது எங்ஙனம்?

உண்மையில் மறுமொழி இல்லாமற் போகவில்லை. புரந்தரர் என்னும் சார்வாகர், உலக வழக்கிலே கண்டறியத்தக்க பொருள்களுக்கு அநுமானம் ஏற்புடையதே என்றும், மறுமை முதலான கண்ணுக்கெட்டாத பொருள்களுக்கு அது செல்லாது என்றும் கூறினார். தாய் தந்தையரை அறிவதற்கு இது போதும். இவ்விடை இன்றும் நிலைத்திருப்பது, 8ஆம் நூற்றாண்டில் கமலசீலர் தத்துவசங்கிரகத்துக்கு எழுதிய உரையினாலாகும். கமலசீலரும் பௌத்தரே. மறுப்பதற்காகவே அதனை எடுத்துக்கொண்டார். ஆயினும் அதன் பலம் குன்றாமல் எழுதிவைத்தார்.

இதற்கு மாறான ஒன்றும் நடந்தது. இன்பமாக வாழ்க, சாவின் பிடிக்குத் தப்பியது எதுவுமில்லை என்ற கருத்துடைய சார்வாக சுலோகம் ஒன்று பழைய நூல்களிலே காணப்படுகின்றது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சர்வதரிசன சங்கிரகத்தின் சார்வாக அத்தியாயம் தொடங்குமிடத்தில் அச்சுலோகம் அவ்வாறே உள்ளது. அதே அத்தியாயம் முடியுமிடத்திலோ, சாவைப் பற்றிய பகுதி மறைந்து, கடன்பட்டாவது நெய் உண்ண வேண்டும் என்ற பொருள் அதில் ஏறிவிடுகின்றது. சாவை நினைந்து சொன்ன சொல், உண்டு களிப்பவனின் சொல்லாயிற்று. இன்று சார்வாகர் என்றவுடன் பலரும் சொல்வது அந்தக் கடனையும் நெய்யையும்தான். புரந்தரரின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.