தெருவுக்குப் பெயர் வைத்த பிறகு

அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே ஒரு விநோதமான ஊர். பேக்கர்ஸ் அணிக்கு அங்கே முதலாளி என்று ஒருவர் கிடையாது. 1923 முதல் பங்குதாரர்கள்தாம் சொந்தக்காரர்கள். காசு தராத பங்கு அது. கணக்குக் கேட்கும் உரிமையை மட்டும் தரும்.

கேட்பது யாரை? வின்ஸ் லம்பார்டி 1959இல் வந்தபோது, முந்தைய ஆண்டின் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை ஜெயித்திருந்த அணி அது. 1961க்கும் 1967க்கும் இடையில் ஐந்து முறை சாம்பியன் ஆக்கினார். 1968 பிப்ரவரியில் கோச் வேலையைத் தன் உதவியாளர் ஃபில் பெங்ட்சனிடம் விட்டுவிட்டு, ஜெனரல் மேனேஜராக மட்டும் இருந்துகொண்டார். அதே ஆண்டு மைதானத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்டவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

•

பந்தை உதைப்பவரையே எடுத்துக்கொள்வோம். 1967 சீசனோடு டான் சாண்ட்லர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு நிலையான ஆள் கிடைக்கவில்லை. 1968இல் நான்கு பேர் மாறி மாறி உதைத்தார்கள். அவர்களில் ஜெரி கிரேமர், முன்வரிசையில் முட்டி மோதி வழி திறந்துவிடுபவர். சக் மெர்சைன், பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவர். மொத்தம் 29 ஃபீல்ட் கோல் முயற்சி, உள்ளே போனது 13. அந்த ஆண்டு ஆறு வெற்றி, ஏழு தோல்வி, ஒரு சமன்.

உதைக்க ஆள் பிடித்துத் தருவது மேனேஜர் வேலை. முப்பதைத் தாண்டிவிட்ட ஸ்டார், நிட்ஷ்கே போன்ற ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் இளைஞர்களை வளர்த்து நிறுத்துவதும் அவர் வேலைதான். ஆனால் ஏழு தோல்விகளும் இன்றுவரை பெங்ட்சன் பற்றில்தான் கிடக்கின்றன.

•

நன்றி வேறு, மதிப்பெண் வேறு. இதை லம்பார்டியைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆட்டப் படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டி, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டவர். போன வாரம் ஜெயித்துக் கொடுத்தவன் என்று இந்த வாரம் யாரையும் விட்டதில்லை. அதே கறாரோடு அவரை விசாரித்திருந்தால் கோபப்பட்டிருப்பார், நிச்சயம். பெரிய கோபக்காரர். ஆனாலும் அந்தக் கேள்வி அவருக்குப் புரியாத பாஷையாக இருந்திருக்காது.

•

1969இல் வாஷிங்டன் அணி கூப்பிட்டது. ஒப்பந்தம் மீதம் இருந்தும் நிர்வாகக் குழு விடுவித்தது. மறு ஆண்டு செப்டம்பரில், 57 வயதில், புற்றுநோயால் காலமானார்.

பெங்ட்சன் 1970 முடிவில் ராஜினாமா செய்தார். கோச், மேனேஜர் இரண்டு நாற்காலியும் டான் டெவைனுக்குப் போயின. 1974இல், 34 வயதான ஆட்டக்காரர் ஜான் ஹேடலை வாங்க, புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்க வரப்போகும் ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்தார். டெவைன்மேல் ஊருக்கு அவ்வளவு பிரியம் கிடையாது. கேள்விகள் தாராளமாக வந்தன.