அவர் காணாத முகச்சுளிப்பு

கும்மிடிப்பூண்டி ரயிலடியில் வெள்ளைக் கோலூன்றி வரும் பார்வையற்றவரை, கேளாமலே கையைப் பற்றி இழுத்துச் செல்வோர் உண்டு. எண்ணம் நல்லதுதான், ஆனால் கோலால் அவர் அறிந்துவந்த திசை தப்பிவிடுகிறது. கோலுக்குப் பதில் பழக்கிய நாயொன்று அவருக்கு வழிகாட்டி வந்தால்? நம் பக்கம் அது அபூர்வம். பிரிட்டனில் லெஸ்டர் நகரப் பள்ளிவாசல் ஒன்று 2008-ல் இக்கேள்வியைச் சந்தித்தது. நாய் வாசலருகே ஒதுக்கிய இடத்தில் காத்திருக்க, அவர் உள்ளே சென்று தொழ வழி செய்தார்கள்.

"நாய் நஜீஸாயிற்றே!" என்பீர்கள். ஷாபிஈ மத்ஹபில் ஆம். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை, அதிலொன்று மண் கலந்து, கழுவவேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் கழுவத் தேவையில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ நாயைத் தூய்மையானதென்றே கொண்டார்கள். பழக்கிய நாய் பிடித்த இரையைக் குர்ஆன் (5:4) ஆகுமாக்கியுள்ளது. பேணுதலுள்ளவர் இரண்டடி விலகி நிற்கட்டும், குற்றமில்லை. "சீ" என்று விரட்டுவது எந்த மத்ஹபில் இருக்கிறது?

அந்த நாயை அழைக்காதீர்கள், தடவாதீர்கள், தீனி போடாதீர்கள். அதன் கவனம் சிதறினால் தடுக்கி விழுபவர் அவர். அவருக்கு ஸலாம் சொல்லி, உங்கள் பெயரையும் சொல்லி, உதவி வேண்டுமா எனக் கேளுங்கள்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர். குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் இடையே வந்து கேட்டார். நாயகத்தின் திருமுகம் சற்றே சுருங்கியது. அவரால் அதைக் கண்டிருக்க முடியாது. ஆயினும் அதைக் குறித்து 'அபஸ' அத்தியாயம் இறங்கிற்று. பின்னாளில் மதீனாவைவிட்டு வெளியே செல்கையில், அவரையே தம் இடத்தில் தொழுகை நடத்த நியமித்துச் சென்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.