மலைப் பாடசாலையும் ஆசிரியர் கடமையும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை நோக்கிச் செல்லும் மலைப்பாதைகளை அண்டிய தோட்டப் பாடசாலைகளில் நியமனம் பெறும் ஆசிரியர் சிலர், விரைவிலேயே இடமாற்றம் வேண்டிச் சென்றுவிடுகின்றனர். இஃது அறப்பிழையா?

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடம் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரிதும் புறத்தே நின்றன. 1970களிலேயே அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. நெடுங்காலம் நாடு ஏற்காத கடமையை, தங்குதற்கு விடுதியுமற்ற தனியொருவரின் தியாகத்தால் ஈடுசெய்ய முனைவது நீதியன்று. தியாகத்தைப் போற்றுதல், சமூகம் தன் கடனை மறைக்கும் திரையுமாகலாம்.

எனினும், பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றபின் வகுப்பிற் காத்திருக்கும் பிள்ளை இவ்வாதத்தை அறியாது. அதன் இவ்வாண்டு மீண்டும் வாராது. ஆகவே, இடமாற்றம் கோருதல் ஆசிரியரின் உரிமை; இருக்கும் நாள்வரை முழுமையாகக் கற்பித்தல் அவர் கடன்; அவர் நிலைத்திருக்க வழி செய்தல் நம் அனைவரதும் கடன்.