கைவிட்டதும் கைநழுவியதும்

பொருள் சேர்ப்பது மனித இயல்பு. உண்ணவும் உடுக்கவும் தேவையானதைச் சேர்த்த பின்னரும் மனிதனின் கை ஓய்வதில்லை. முத்திரை, நாணயம், பழைய நூல், ஓவியம் என்று எதையாவது தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வாறு அரும்பாடுபட்டுச் சேர்த்த ஒருவர் ஒருநாள் அனைத்தையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால் உலகம் வியக்கின்றது. அவர் ஞானம் பெற்றுவிட்டார் என்று சிலரும், மனம் வெறுத்துவிட்டார் என்று சிலரும் கூறுவர். ஆனால் அவர் விட்டது எதனை? பொருளையா, அதன் மீதிருந்த ஆசையையா? அல்லது பொருள்தான் அவரை விட்டுச் சென்றதா? இந்த வினாவுக்கு விடை தேட, அமெரிக்க நடிகர் நிக்கலஸ் கேஜ் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்தவை பெரிதும் துணைபுரிகின்றன.

1964 ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்திலே பிறந்த இவரின் இயற்பெயர் நிக்கலஸ் கொப்போலா. புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் போர்ட் கொப்போலா இவரின் சிற்றப்பன் முறையானவர். உறவினரின் புகழில் தான் வளர்ந்ததாக எவரும் சொல்லிவிடக் கூடாது என்று எண்ணி, இளவயதிலேயே குடும்பப் பெயரைத் துறந்து வேறு பெயரைச் சூடிக்கொண்டார். 'கேஜ்' என்னும் அப்பெயர் வந்த இடங்களில் ஒன்று ஒரு சித்திரக்கதை நாயகனின் பெயராகும். சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் 'கொமிக்ஸ்' எனப்படும் சித்திரக்கதை இதழ்கள் மீது இவருக்கிருந்த ஈடுபாடு அத்தகையது. 1996 இல் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். கையில் பணம் பெருகியது. சிறுவயது ஆசைக்கு வசதியும் வந்து சேர்ந்தது.

சித்திரக்கதை இதழ்களிலே முதன்மையானதாக மதிக்கப்படுவது 1938 ஜூன் மாதத் திகதியிட்டு வெளிவந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழ். சுப்பர்மான் என்ற நாயகன் முதன்முதலில் தோன்றியது அதிலேதான். அன்று அதன் விலை 10 சதம். மலிவான தாளில் அச்சிடப்பட்ட அந்த இதழைப் படித்து முடித்த பிள்ளைகள் கிழித்தார்கள், தாய்மார் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய தாள் சேகரிக்கும் இயக்கங்களிலே எண்ணற்ற இதழ்கள் கூழாகிப் போயின. இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 100 பிரதிகள் என மதிப்பிடப்படுகின்றது. எவரும் பெரிதாக மதிக்காமையினாலேயே அது அரிதாயிற்று, அரிதானமையினாலேயே மதிப்பும் பெற்றது.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல இயலாது. சுப்பர்மானைப் படைத்த ஜெரி சீகல், ஜோ சுஸ்டர் என்னும் இரு இளைஞர்களும் தம் நாயகனின் உரிமை முழுவதையும் 130 டொலருக்கு வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பின்னர் பல்லாண்டுகள் வழக்காடியும் வறுமையில் வாடியும், 1975 ஆம் ஆண்டிலேதான் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயர்க் குறிப்பும் பெற்றார்கள். படைத்தவருக்குக் கிட்டாத செல்வம், படைத்ததை வைத்திருந்தவருக்குக் கிட்டியது.

நிக்கலஸ் கேஜ் அந்த முதலாவது இதழின் மிக நல்ல நிலையிலுள்ள ஒரு பிரதியை 150,000 டொலர் கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் சுப்பர்மான் வேடத்தில் அவரே நடிக்கவிருந்த ஒரு திரைப்படமும் திட்டமிடப்பட்டிருந்தது. சிறுவயதில் கனவு கண்ட நாயகனின் முதல் இதழும் கையில், அந்நாயகனின் வேடமும் கையில். இதைவிட ஒரு இரசிகனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் 1998 இல் அத்திரைப்படம் கைவிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த அவர் வீட்டிலிருந்து அந்த இதழும் திருடப்பட்டது.

காப்புறுதி நிறுவனம் இழப்பீடு வழங்கியது. பணக்கணக்குப் பார்த்தால் அத்தோடு விடயம் முடிந்துவிட்டது. பொருளின் பெறுமதி பணம்தான் என்றால் பணம் வந்த பின்னர் துயரத்துக்கு இடமில்லை. ஆயினும் களவு கொடுத்தவரின் உள்ளம் அவ்வாறு கணக்கிடுவதில்லை என்பதை அனுபவப்பட்டோர் அறிவர். வீட்டிற்குள் வந்து, தொட்டு, எடுத்துச் சென்ற கை யாருடையது என்ற எண்ணமே அந்த வீட்டின் அமைதியைக் குலைத்துவிடும். விருந்தினராக வந்து போனவர் ஒவ்வொருவரின் முகமும் நினைவில் வந்து போகும். அரிய பொருளை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் என்று எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அதன் காவற்காரராகவே வாழ்கிறார். சம்பளம் இல்லாத காவல் அது. விடுமுறையும் கிடையாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 இல், தம்மிடமிருந்த 400 பழைய சித்திரக்கதை இதழ்களை அவர் ஏலத்தில் விற்றுவிட்டார். 16 இலட்சம் டொலருக்கும் மேல் கிடைத்தது. சேகரிப்பாளர் உலகம் வியப்படைந்தது. திருட்டினால் மனம் நொந்து விட்டுவிட்டார் என்று கூறுவதே எளிதான விளக்கம். அது முழுமையான விளக்கமாகாது. பின்னர் நிகழ்ந்தவற்றைப் பார்த்தால் இது தெளிவாகும்.

2011 ஏப்ரல் மாதத்தில், கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலே ஒரு வாடகைக் களஞ்சிய அறையிலிருந்து காணாமற் போன இதழ் கண்டெடுக்கப்பட்டது. 11 ஆண்டுகள் கழித்து, கெடாமல், அது அவரிடமே திரும்பி வந்தது. திருட்டு ஒன்றே அவர் சேகரிப்பை விட்டதற்குக் காரணமாயின், திரும்பி வந்த பொருளை அவர் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். அவரோ சில மாதங்களிலேயே அதனை விற்பனைக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் அது 21 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. வீட்டிலேயே இருந்திருந்தால் 2002 இல் மற்றையவற்றோடு அதுவும் குறைந்த விலைக்குப் போயிருக்கலாம். திருடன் அறியாமலே அவருக்குச் செல்வம் சேர்த்துக் கொடுத்தான் போலும்!

இதனைத் துறவு என்று கூறிவிட முடியுமா? அவசரப்பட்டு அவ்வாறு கூறினால் உண்மைக்கு மாறாகும். ஏனெனில் சித்திரக்கதைகளை விற்ற பின்னர் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. ஜேர்மனியில் ஒரு கோட்டை, இங்கிலாந்தில் ஒரு கோட்டை, பஹாமாஸ் கடலில் ஒரு தீவு என்று வாங்கிக் குவித்தார். 2007 இல் மங்கோலிய நாட்டுப் பாலைநிலத்தில் 7 கோடி ஆண்டுகள் அளவில் புதைந்து கிடந்த ஒரு டைனோசரின் மண்டையோட்டை 276,000 டொலருக்கு ஏலத்தில் எடுத்தார். தாள் இதழிலிருந்து விலகிய ஆசை கல்லிலும் நிலத்திலும் எலும்பிலும் போய் ஒட்டிக்கொண்டது. 2009 இல் 60 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட வரிப்பாக்கி அவரைச் சூழ்ந்தது. கோட்டைகளையும் விற்க நேர்ந்தது. 2011 இல் அந்த இதழை விற்றபோது கடன் சுமை அவர் தோளில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே இங்கே மூன்று நிலைகள் தெரிகின்றன. களவு போனது இழப்பு. ஏலத்தில் கொடுத்தது விற்பனை. இவையிரண்டிலும் பொருள் கையை விட்டுப் போகின்றது, ஆனால் மனம் மாறவேண்டிய கட்டாயம் இல்லை. துறத்தல் என்பது மூன்றாவது நிலை. அதிலே பொருள் வீட்டில் இருந்தாலும் இருக்கலாம், அதன் மீதிருந்த பிடி தளர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். வெறுமையான அலுமாரியைப் பார்த்து அதன் சொந்தக்காரரின் உள்ளத்தை அளவிட எவராலும் முடியாது.

ஆனால் அந்த நடிகரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவதும் நீதியாகாது. சித்திரக்கதைகள் மீதிருந்த அன்பு அவரிடம் ஒருபோதும் வற்றவில்லை. இதழ்களை விற்று மூன்று ஆண்டுகளின் பின், 2005 இல் பிறந்த தம் மகனுக்கு அவர் சூட்டிய பெயர் கல்-எல். சுப்பர்மான் தன் பிறந்த உலகில் பெற்றோரால் அழைக்கப்பட்ட பெயர் அது. ஏலம் விட்டவருக்கு இதழ்கள் தேவைப்படவில்லை, கதை தேவைப்பட்டது. அன்பு வேறு, உடைமை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேடவேண்டியதில்லை. ஒரு கதையை நேசிப்பதற்கு அதன் முதற்பிரதியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது எவ்விதத்திலும் அவசியமில்லை. சேகரிப்போர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. நேசிக்கின்றோம் என்று தொடங்குகிறார்கள், காவல் காக்கின்றோம் என்பதில் முடிகிறார்கள்.

அமெரிக்காவில் இத்துறையிலே 2000 ஆம் ஆண்டளவில் புகுந்த ஒரு வழக்கம் இதனை நன்கு விளக்குகின்றது. அரிய இதழை வல்லுநர் ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று தரப்புள்ளி இட்டு, கடினமான பிளாஸ்டிக் உறையினுள் வைத்து மூடிவிடுவர். உறையைத் திறந்தால் அந்தப் புள்ளிக்கு உத்தரவாதம் இல்லை. விலையும் சரியும். ஆகவே வாங்கியவர் அதனைத் திறப்பதேயில்லை. முன் அட்டையைப் பார்க்கலாம், பின் அட்டையைப் பார்க்கலாம். உள்ளே உள்ளதைப் படிக்க இயலாது. படிப்பதற்காகப் பிறந்த ஒன்று, படிக்கப்படாமல் இருப்பதனாலேயே விலை பெறுகின்றது. அறுசுவை உணவைச் சமைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பசியோடு பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது இது.

மறுபுறத்தையும் சொல்லத்தான் வேண்டும். சேகரிப்பவர்கள் இல்லாவிடின் அந்த 100 பிரதிகளும் என்றோ மண்ணோடு மண்ணாகியிருக்கும். பழமையைப் பேணுவோர் ஒரு சமூகத்துக்குச் செய்யும் தொண்டு சிறிதன்று. பேணுவதிலே குற்றம் இல்லை. 'இது என்னுடையது, என்னுடையது மாத்திரமே' என்ற எண்ணம் உள்ளே புகும்போதுதான் பேணுதல் பிணிப்பாக மாறுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது, அதைத் தாண்டும்போது தாண்டுபவருக்கே தெரிவதில்லை.

அந்த மண்டையோட்டின் கதையும் அறியத்தக்கது. மங்கோலிய நாட்டுச் சட்டப்படி அங்கே கிடைக்கும் டைனோசர் எச்சங்கள் அந்நாட்டுக்கே உரியவை, வெளியே கொண்டு செல்லத் தடை உண்டு. தாம் ஏலத்தில் வாங்கியது அவ்வாறு கடத்தி வரப்பட்ட பொருள் என்று அமெரிக்க அதிகாரிகள் தெரிவித்தபோது, 2015 இல் அவர் அதனைத் திருப்பி ஒப்படைக்க இணங்கினார். அவர் மீது எவ்விதக் குற்றச்சாட்டும் இருக்கவில்லை. அறியாமல் வாங்கியவர் அவர். தம் பொருளைக் களவு கொடுத்துப் 11 ஆண்டுகள் காத்திருந்த ஒருவரின் வீட்டில், ஒரு நாட்டின் களவு போன பொருள் எட்டு ஆண்டுகளாக இருந்திருக்கின்றது! காப்புறுதியும் இல்லை, ஏலமும் இல்லை, விலையும் இல்லை. அவர் கைவிட்ட பொருள்களுள் துறத்தலுக்கு ஓரளவு நெருங்கி நிற்பது அதுவே எனலாம். சட்டம் கேட்டதனால்தானே கொடுத்தார் என்று வாதிடலாம். வாதம் சரியே. எனினும் அமெரிக்காவில் வழக்குப் பேசி இழுத்தடிக்க வழிகள் பல உண்டு என்பதையும், அவர் அவ்வழியே செல்லவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

2011 இல் விற்கப்பட்ட அந்தச் சுப்பர்மான் இதழ் 2026 சனவரியில் மீண்டும் கைமாறியது. இம்முறை விலை ஒன்றரைக் கோடி டொலர். வாங்கியவர் தம் பெயரை வெளியிடவில்லை. களவு போய் மீண்ட வரலாறும் அதன் புகழோடு சேர்ந்துகொண்டது. பிளாஸ்டிக் உறை திறக்கப்படாமல் எங்கோ ஒரு பெட்டகத்தில் அது இருக்கும். அதனுள்ளே இருக்கும் 13 பக்கச் சுப்பர்மான் கதை பலமுறை மறுபதிப்பாகி, சில டொலர்களுக்குக் கடைகளில் கிடைக்கின்றது. பிள்ளைகள் அதனை வாங்கிப் படித்துவிட்டு, 1938 இல் செய்தது போலவே, அட்டையை மடித்து எங்கேயாவது போட்டுவிட்டுப் போகிறார்கள்.